சினைமுட்டையும் நுண்பைகளும்

பசுவின் சினைப்பை வாதுமைக் கொட்டையின் வடிவினது. அதன் நீளம் ஏறத்தாழ மூன்று அல்லது நான்கு செண்டிமீட்டரே. அச்சிறிய உறுப்பினுள் பல்லாயிரம் சினைமுட்டைகள் உறங்குகின்றன. ஒவ்வொரு முட்டையும் தனக்கென அமைந்ததொரு சிற்றறையில் வாழ்கின்றது. அதனை நுண்ணறை என்பர். நுண்ணறை வளருந்தோறும் அதனுள் மஞ்சள் நிறமான தெளிந்த நீர் நிறைகின்றது.

பசுவுக்குச் சினைப்பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும். அவ்விடைக்காலத்தில் நுண்ணறைகள் இரண்டு அல்லது மூன்று அணிகளாக எழுகின்றன. ஒவ்வோர் அணியிலும் பெரும்பாலும் ஒன்றே மேலோங்கும். ஏனையவை வாடி மறையும். இறுதி அணியில் மேலோங்கிய நுண்ணறை 15 முதல் 20 மில்லிமீட்டர் வரை குறுக்களவு அடைந்து, பின்பு உடைந்து முட்டையை வெளிவிடும். முட்டையின் அளவோ ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கிற்கும் சற்றுக் குறைவு! ஆதலின், நெதர்லாந்து நாட்டு மருத்துவர் ரெனியர் டி கிராஃப் 1672-இல் நுண்ணறைகளை விரித்துரைத்தபோது, நுண்ணறை முழுவதையுமே முட்டை என்று கருதியதில் வியப்பில்லை. 155 ஆண்டுகள் கழித்து, 1827-இல், கார்ல் எர்னஸ்ட் ஃபான் பேயர் என்பார் நாயின் நுண்ணறையைப் பிளந்து மெய்யான முட்டையைக் கண்டறிந்தார்.

முட்டையைச் சூழ்ந்த நீரில் ஊட்டப்பொருள்களும் சுரப்புப் பொருள்களும் கலந்துள்ளமை பின்னர் அறியப்பட்டது. ஆயினும், அந்நீரில் மிதப்பவை இவை மட்டும் அல்ல. நுண்ணறையின் சுவரிலுள்ள உயிரணுக்கள் கொழுப்புப் படலத்தால் மூடிய மிகச் சிறிய பைகளை இடையறாது வெளியிடுகின்றன. ஒரு மில்லிமீட்டரைப் பத்தாயிரம் கூறாக்கினால் அவற்றுள் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அவற்றின் குறுக்களவு. சாதாரண உருப்பெருக்கி அவற்றைக் காட்டாது. மின்னணு உருப்பெருக்கியே காட்டும்.

இத்தகைய பைகள் வேறு உயிரணுக்களில் முன்னரே காணப்பட்டவை. கனடா நாட்டு மான்ட்ரியல் நகரில் ரோஸ் ஜான்ஸ்டன் அம்மையார், செம்மறியாட்டின் முதிராச் சிவப்பணுக்கள் தமக்கு வேண்டாத புரதம் ஒன்றை இப்பைகளில் இட்டு வெளியேற்றுவதை 1983-இல் கண்டார். குப்பையை வாரிக் கொட்டும் கூடைகள் என்றே அவை நெடுநாள் மதிக்கப்பெற்றன. ஓர் உயிரணு விடுத்த பையை மற்றோர் உயிரணு ஏற்றுக்கொண்டு, உள்ளிருக்கும் செய்தியைப் பயன்படுத்துகின்றது என்பதை 2007-இல் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் காட்டினர். கூடை எனக் கருதியது ஓலை தாங்கிய தூதாயிற்று.

பெட்டைக் குதிரையின் நுண்ணறை நீரில் இப்பைகள் உள்ளமை 2012-இல் வெளியாயிற்று. மறு ஆண்டிலேயே பசுவின் நீரிலும் அவை ஆராயப்பெற்றன. அவற்றைப் பிரித்தெடுப்பது பொறுமை வேண்டும் பணியாகும். முதலில் நீரை மெல்லச் சுழற்றி உயிரணுக்களையும் சிதைவுகளையும் அகற்றுவர். பின்பு புவியீர்ப்பைப் போல் 1,00,000 மடங்கு விசை உண்டாகுமாறு சுழற்றுவர். அப்போது பைகள் அடியில் படியும். அவற்றிலுள்ள புரதங்களை நொதியால் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் நிறையையும் நுண்கருவியால் அளப்பர். 2009-இல் வெளியான பசுவின் மரபுத் தொகுதியோடு ஒப்பிட்டு, எப்புரதத்தின் துண்டு எது என்று தெளிவர்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். நுண்ணறை நீரின் பெரும்பகுதி குருதியிலிருந்து கசிந்தது. குருதிப் புரதங்கள் பைகளின் மேல் ஒட்டிக்கொள்ளும். பட்டியலில் காணப்படுவன அனைத்தும் பையின் உள்ளிருந்தவை எனக் கொள்ளுதல் பிழை. படலத்தில் பொதிந்துள்ள அடையாளப் புரதங்களும், பையின் ஆக்கத்துக்குத் துணைசெய்யும் புரதங்களும் உடனிருந்தால்தான், கிடைத்தவை மெய்யான பைகள் என்று நம்பலாம். வெப்பத்தால் பிற புரதங்கள் உருக்குலையாமல் காக்கும் காவற்புரதங்களும் இப்பைகளில் இடம்பெறுகின்றன.

இக்காவற்புரதங்களின் சிறப்பு கோடையில் விளங்கும். பசுவின் உடல் வெப்பம் ஏறத்தாழ 38.5 பாகை. கடுங்கோடையில் அது மிகும்போது முட்டை நலிகின்றது. பசு சினை பிடிப்பதும் அரிதாகின்றது. பால் மாட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஓர் ஈற்றுத் தவறுதல் பெரிய இழப்பு. 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில், சினைமுட்டைகளைக் கண்ணாடிக் கலத்தில் 41 பாகை வெப்பத்துக்கு உட்படுத்தினர். நுண்பைகள் சேர்க்கப்பெற்ற முட்டைகள், சேர்க்கப்பெறாதவற்றைக் காட்டிலும் அவ்வெப்பத்தை நன்கு தாங்கின. இப்பயன் காவற்புரதங்களால் மட்டும் விளைந்தது என்று கூறுதல் பொருந்தாது. பைகள் புரதத்தோடு மரபுச் செய்தித் துணுக்குகளையும் சுமக்கின்றன.

எல்லா நுண்ணறைகளின் பைகளும் ஒரு தன்மையன அல்ல. முட்டையைச் சூழ்ந்த உயிரணுக் கூட்டம் முதிர்ச்சிக் காலத்தில் விரிந்து மலர வேண்டும். சிறிய நுண்ணறையிலிருந்து எடுத்த பைகள் அம்மலர்ச்சியை மிகுதியாகத் தூண்டின என்பதும், பெரிய நுண்ணறையின் பைகள் அவ்வளவு தூண்டவில்லை என்பதும் 2015-இல் அறியப்பட்டன. கலத்தில் முட்டையை முதிர்விக்க 22 முதல் 24 மணி நேரம் ஆகும். அவ்வேளையில் எப்பருவத்து நுண்ணறையின் பைகளை, எவ்வளவு சேர்ப்பது என்பதே ஆராய்ச்சியாளர் முன்னுள்ள வினா.