பள்ளி மணி ஓய்ந்த பின்: கல்வி மாநாடு கூட்டுவது எவ்வாறு?



பிற்பகலில் பள்ளி மணி ஒலிக்கிறது. புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வாயிலை நோக்கி ஓடுகின்றனர். சிலரை அழைத்துச் செல்ல அன்னையர் காத்திருக்கின்றனர். சிலர் பள்ளிப் பேருந்தில் ஏறுகின்றனர். வேறு சிலரோ பூட்டிய வீட்டின் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தனியே நடக்கின்றனர். தந்தையும் தாயும் வேலை முடிந்து வீடு திரும்பும் வரை அப்பிள்ளைகளுக்குத் துணை யார்? வீட்டுப்பாடத்தில் ஐயம் எழுந்தால் தீர்ப்பவர் யார்?

இவ்வினாவின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம் உண்டு. நம் பள்ளிகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 190 நாள்கள் நடைபெறுகின்றன. நாளொன்றுக்கு 6 மணி நேரம் எனக் கொண்டால், பள்ளியில் கழிவது 1,140 மணி நேரம். உறக்கத்திற்கு நாள்தோறும் 9 மணி நேரம் ஒதுக்கினால் 3,285 மணி நேரம் செல்லும். எஞ்சியிருப்பது 4,335 மணி நேரம். அதாவது, பள்ளியில் கழியும் நேரத்தைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் பள்ளிக்கு வெளியே கழிகிறது. வசதி படைத்த வீட்டுப் பிள்ளைக்கு அந்நேரம் இசை வகுப்பாகவும் நீச்சலாகவும் நூல் வாசிப்பாகவும் அமைகிறது. வறிய வீட்டுப் பிள்ளைக்கோ அது வெறும் காத்திருப்பாக முடிகிறது. பிள்ளைகளிடையே தோன்றும் இடைவெளியில் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியேதான் விரிகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

இக்குறையைப் போக்கவே மாலை வகுப்புகள், வார இறுதித் துணைப்பாட வகுப்புகள், வாசிப்பு வட்டங்கள், மாணவர் பராமரிப்பு நிலையங்கள் ஆகியவை தோன்றின. இவற்றை நடத்துவோர் ஒன்றுகூடி, தம் அனுபவத்தைப் பகிர்ந்து, குறைகளை ஆராய்ந்து, முடிவெடுக்கும் களமே கல்வி மாநாடு.

மாநாடு என்னும் சொல்

மாநாடு என்றவுடன் தோரணமும் மேடையும் ஒலிபெருக்கியும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால் மாநாட்டின் உயிர் அவற்றில் இல்லை. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் நம் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடைபெற்றது. அறிஞர்கள் கட்டுரை படித்தனர். கேட்டவர்கள் வினா எழுப்பினர். அவற்றிற்கு விடை கூறப்பட்டது. கேட்டல், வினவுதல், விடை காணுதல் ஆகிய மூன்றும் அமைந்தால்தான் அது மாநாடு. முதலாவது மட்டும் இருந்தால் அது சொற்பொழிவுக் கூட்டமே.

ஒரு மாநாட்டிலிருந்து பிறந்த பணி

மாநாடு கூடிக் கலைவதால் பயன் உண்டா என்று சிலர் வினவுவர். அண்டை நாடான சிங்கப்பூரின் வரலாறு இதற்கு விடை கூறும்.

1980ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, அந்நாட்டு மலாய்ச் சமூகம் கல்வியில் பின்தங்கியிருப்பதைத் தெளிவாகக் காட்டியது. அச்சமூகத்தின் நாடாளுமன்ற உறுப்பினர்களும் பல பொது இயக்கங்களும் கைகோத்து, முஸ்லிம் பிள்ளைகளின் கல்விக்கென ஒரு மன்றத்தை அமைத்தனர். அதுவே மெண்டாக்கி. 1982ஆம் ஆண்டு மே மாதம் அம்மன்றம் கூட்டிய பேராளர் மாநாட்டைப் பிரதமர் லீ குவான் இயூ தொடக்கி வைத்தார். மாநாடு முடிந்தது, பணி முடியவில்லை. மாணவர்களுக்குத் துணைப்பாட வகுப்புகள் தொடங்கப்பெற்றன. 1984ஆம் ஆண்டு முதல், முஸ்லிம் ஊழியர்கள் பள்ளிவாசல் கட்டுவதற்காகத் தம் மாத ஊதியத்திலிருந்து அளித்துவந்த சிறு தொகையுடன் கல்விக்கான பங்கும் சேர்க்கப்பட்டது. 1989ஆம் ஆண்டு அம்மன்றம் விரிவாக்கப்பட்டு அறநிறுவனமாக உருப்பெற்றது.

அதன் வழியில், இந்திய மாணவர்களின் கல்வி நிலையை ஆராய்ந்த நடவடிக்கைக் குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1991ஆம் ஆண்டு சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம் தோன்றியது. அடுத்த ஆண்டே சீனச் சமூகத்திற்கும் அத்தகைய மன்றம் அமைந்தது. இவையும் ஊழியர்களின் மாதச் சந்தாவைக் கொண்டே பெரிதும் இயங்குகின்றன. சிறு துளி பெரு வெள்ளம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ?

இவ்வரலாற்றில் நாம் கவனிக்கத்தக்கவை மூன்று. முதலாவது, கூடுவதற்கு முன்பே கணக்கு கையில் இருந்தது. இரண்டாவது, கூடியபின் பணியை ஏற்று நடத்த ஓர் அமைப்பு இருந்தது. மூன்றாவது, அப்பணி தொடர்வதற்கு நிலையான நிதி வழி காணப்பட்டது. இம்மூன்றில் ஒன்று குறைந்திருந்தாலும் மாநாடு வெறும் நினைவாகவே நின்றிருக்கும்.

நம் நாட்டிலும் 1982ஆம் ஆண்டிலேயே ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் தோன்றியது. பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் தொண்டர்களாக முன்வந்து, தமக்குப் பின்வரும் இளையோர்க்குப் பாடம் கற்பித்து வந்துள்ளமையை நாம் நன்கறிவோம்.

கலிபோர்னியா காட்டும் வழி

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், 2002ஆம் ஆண்டு மக்கள் வாக்களித்து, பள்ளி நேரத்திற்குப் பிந்திய கல்விக்கு அரசு நிதி ஒதுக்கவேண்டும் என்னும் சட்டத்தை நிறைவேற்றினர். 2006ஆம் ஆண்டு தொடங்கிய கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு 55 கோடி டாலர் அதற்கெனக் கிடைத்தது. அச்சட்டத்தின் விதிகள் நம் சிந்தனைக்கும் உரியவை. பள்ளி விட்டவுடனே நிகழ்ச்சி தொடங்கவேண்டும். மாலை 6 மணி வரையேனும் நடைபெறவேண்டும். வாரத்திற்கு 15 மணி நேரத்திற்குக் குறையலாகாது. ஒரு பணியாளரின் பொறுப்பில் 20 மாணவர்களுக்கு மேல் இருத்தலாகாது. பாடத்தில் உதவி ஒரு பகுதி. கலை, விளையாட்டு, கைத்தொழில் போன்றவை மறு பகுதி. 2021ஆம் ஆண்டில் மற்றொரு திட்டமும் சேர்க்கப்பட்டது. அதன்படி, பள்ளி நேரத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 9 மணி நேரம் பிள்ளைகளுக்குக் கல்வியும் பாதுகாப்பும் கிடைக்கவேண்டும். விடுமுறை நாள்களிலும் 30 நாள்கள் நிகழ்ச்சி நடைபெறவேண்டும்.

இத்தனை நிகழ்ச்சிகளையும் நடத்துவோர் யாவர்? அவர்களுள் பலர் பகுதி நேரப் பணியாளர்கள்; கல்லூரியில் பயிலும் இளைஞர்கள். ஆசிரியர்ப் பயிற்சிக் கல்லூரியின் வாயிலை மிதியாதவர்களும் உளர். அவர்களுக்கு மாநாடே பயிற்சிக் கூடம். அம்மாநிலத்தின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரில் பல ஆண்டுகளாக இத்தகைய பெருமாநாடு நடந்துவந்துள்ளது. அங்கே பேச்சினும் பயிலரங்கே மிகுதி. சண்டையிடும் இரு சிறுவரை அமைதிப்படுத்துவது எப்படி, வாசிக்கத் தயங்கும் சிறுமியை நூலின்பால் ஈர்ப்பது எப்படி என்பனவற்றைச் செய்தே கற்கின்றனர்.

நான் கண்ட ஒரு கூட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் மாலை வகுப்புகள் குறித்த கூட்டம் ஒன்றிற்குச் சென்றிருந்தேன். காலை 9 மணிக்குத் தொடங்கவேண்டிய கூட்டம் 10.30க்குத் தொடங்கியது. மாலைகளும் பொன்னாடைகளும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டன. பேச்சாளர் பலர் கல்வியின் சிறப்பை எடுத்துரைத்தனர். நண்பகலில், பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அன்னை எழுந்தார்.

"ஐயா, பள்ளி பஸ் இரண்டு மணிக்கே போய்விடுகிறது. மாலை வகுப்புக்கு இருந்தால் என் பிள்ளை எப்படி வீடு திரும்புவான்?" என்று வினவினார்.

நேரம் போதவில்லை என்று கூறி, அவைத்தலைவர் நன்றியுரைக்கு அழைத்துவிட்டார். அன்று நிறைவேறிய தீர்மானங்கள் யாவும் அழகிய தமிழில் அமைந்திருந்தன. அந்த அன்னையின் மகன் மாலை வகுப்பிற்கு வரவே இல்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். அக்கூட்டத்தில் நானும் வாய் திறவாமல் அமர்ந்திருந்தேன் என்பதையும் இங்குச் சொல்லியாகவேண்டும்.

மாநாட்டை அமைக்கும் முறை

நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, 150க்கும் குறைவான மாணவர்களைக் கொண்டவை. சிறிய பள்ளி தனித்து நின்று பயிற்சியாளரை அழைப்பதும், மாலை வகுப்புக்கு ஆள் திரட்டுவதும் கடினம். ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த ஐந்தாறு பள்ளிகள் கூடினால் அது எளிதாகும். ஆகவே, பெரிய மாநாட்டிற்காகக் காத்திராமல் வட்டார அளவில் தொடங்குவதே நன்று. அதற்குரிய படிகள் வருமாறு:

முதலாவது, வினாவைத் தெளிவாக வகுத்தல். "கல்வி மேம்பாடு" என்பது மிகப் பரந்த பொருள். "நான்காம் ஆண்டில் சரளமாக வாசிக்க இயலாத மாணவர்களுக்கு மாலை நேரத்தில் எவ்வாறு உதவுவது?" என்பது விடை காணத்தக்க வினா.

இரண்டாவது, கணக்கெடுத்தல். பள்ளி விட்டபின் தனித்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? மாலை வகுப்பில் சேர்ந்து இடையில் நின்றவர் எத்தனை பேர்? நின்றதற்குக் காரணம் யாது? ஒவ்வொரு பள்ளியும் ஒரு பக்க அளவில் இவற்றை எழுதி, மாநாட்டிற்கு ஒரு மாதம் முன்பே அனுப்பவேண்டும். பிள்ளைகளின் பெயர்களை வெளியிடுதல் கூடாது, எண்ணிக்கையே போதும்.

மூன்றாவது, உரியவர்களை அழைத்தல். தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும் மட்டும் போதா. பெற்றோர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினர், ஆலயப் பொறுப்பாளர்கள், பாடம் கற்பிக்கும் கல்லூரி மாணவர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் ஆகிய அனைவரும் வேண்டும். ஓட்டுநரை அழைக்காமல் பேருந்துச் சிக்கலைத் தீர்ப்பது எங்ஙனம்? ஞாயிற்றுக்கிழமையில் கூட்டினால் வேலைக்குச் செல்வோரில் பலர் வர இயலும். உடன் வரும் சிறு பிள்ளைகளுக்கென ஓர் அறையும், அவர்களைக் கவனித்துக்கொள்ளப் பொறுப்பானவர்களும் வேண்டும். பிள்ளைகளின் பராமரிப்பைப் பற்றிப் பேசும் மாநாட்டில் பிள்ளைகளுக்கே இடமில்லை எனில், அன்னையர் எவ்வாறு வருவர்?

நான்காவது, நேரத்தைப் பகுத்தல். வரவேற்புக்கும் தொடக்கவுரைக்கும் சேர்த்து அரை மணி நேரம் போதும். ஒரு முதன்மை உரை. அதன்பின், 25 பேருக்கு மிகாத சிறு குழுக்களில் பயிலரங்கு. ஒரு குழுவில் வாசிப்புப் பயிற்சி, மற்றொன்றில் கணித விளையாட்டு, வேறொன்றில் பாதுகாப்பும் போக்குவரத்தும் என அமைக்கலாம். ஒவ்வோர் அமர்விலும் மூன்றில் ஒரு பங்கு நேரம் வினாவிற்கென ஒதுக்கப்படவேண்டும். பேசத் தயங்குவோர்க்காக ஒரு வினாப் பெட்டியும் வைக்கலாம்.

ஐந்தாவது, செலவைச் சுருக்குதல். பள்ளி மண்டபமும் வகுப்பறைகளும் உள்ளபோது விடுதி எதற்கு? பொன்னாடைக்குச் செல்லும் பணத்தில் கதை நூல்கள் வாங்கலாம். எளிய உணவு, அச்சிட்ட கையேடு, வருவோர்க்குப் போக்குவரத்து ஆகியவையே இன்றியமையாதவை. வரவு செலவுக் கணக்கை மாநாடு முடிந்தவுடன் அனைவர்க்கும் தெரிவித்தல் நம்பிக்கையை வளர்க்கும்.

ஆறாவது, தீர்மானத்தைச் செயலாக்கும் வண்ணம் எழுதுதல். "பின்தங்கிய மாணவர்களுக்கு ஆவன செய்யப்படும்" என்பது எவரையும் கட்டுப்படுத்தாது. "வரும் மாதம் முதல், திங்களும் புதனும் மாலை 4 மணிக்கு இரு வேன்கள் பிள்ளைகளை வீடு சேர்க்கும், செலவை மூன்று பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பகிர்ந்துகொள்ளும், பொறுப்பு சங்கச் செயலாளர்களுடையது" என்பதே தீர்மானம். யார், எதனை, எப்போது, எந்தப் பணத்தில் என்னும் நான்கு வினாக்களுக்கும் அதில் விடை இருத்தல் வேண்டும்.

ஏழாவது, மீண்டும் கூடுதல். மூன்று மாதம் கழித்து, பொறுப்பேற்றவர்கள் மட்டும் ஒரு மாலைப் பொழுதில் கூடவேண்டும். தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்து, நிறைவேறியவற்றையும் நிறைவேறாதவற்றையும் குறிக்கவேண்டும். நிறைவேறாமை இழுக்கன்று, காரணம் அறியாமல் விடுவதே இழுக்கு.

மாணவர்களுக்கு ஒரு சொல்

மாணவச் செல்வங்களே! இக்கட்டுரை பெரியவர்களுக்கு மட்டும் உரியது என எண்ணிவிடாதீர்கள். மாலை வகுப்பு உங்களுக்காகவே நடைபெறுகிறது. அங்கே எது பிடிக்கிறது, எது சலிப்பூட்டுகிறது, எது புரியவில்லை என்பதை உங்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. அதனை ஆசிரியரிடம் பணிவுடனும் துணிவுடனும் கூறுங்கள். நன்கு படிக்கும் ஆறாம் ஆண்டு மாணவர், இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கையரை அருகில் அமர்த்தி நாளொன்றுக்குக் கால் மணி நேரம் வாசிக்கச் செய்தாலும் அது பெருந்தொண்டே.

ஊர் கூடித் தேர் இழுத்தல் நம் மரபு. தேர் நிலைக்கு வந்து சேர்ந்ததா என்று பார்த்த பின்னரே வடத்தை விடுவதும் அம்மரபின் பகுதியே. மாநாட்டிற்கும் அதுவே பொருந்தும். மண்டபத்தில் எழுந்த கையொலியைக் கொண்டு அதன் வெற்றியை அளத்தலாகாது. அடுத்த திங்கட்கிழமை மாலை, பின்வரிசையில் எழுந்து வினவிய அந்த அன்னையைப் போன்றோரின் பிள்ளை பாடம் முடித்து, பத்திரமாக வீடு வந்து சேர்ந்தானா என்பதே அளவுகோல். அவ்வளவுகோலை மறவாது கூடுவோம், கூடி முடிவெடுப்போம், எடுத்த முடிவைச் செய்து முடிப்போம்.

வளர்க நம் பள்ளி! வாழ்க தமிழ்!