கந்தோரும் கடிகாரமும்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்திலே மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் நாவிலே நெடுங்காலம் வழங்கி வந்த பழமொழி. அரசாங்கத்தைக் 'கோறணமேந்து' ஆக்கிய அதே நா, அலுவலகத்தைக் 'கந்தோர்' என்று வழங்கிற்று. கந்தோர் என்பது ஒல்லாந்தர் மொழியிலிருந்து நாம் பெற்ற சொல். ஒல்லாந்தர் 1796ஆம் ஆண்டிலே கொழும்பை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துவிட்டுப் போயினர். கந்தோர் மட்டும் போகவில்லை. மாதச் சம்பளம், முதுமையில் ஓய்வூதியம், கலியாணப் பேச்சிலே சற்றே உயர்ந்த மதிப்பு, இவை யாவும் அப்பழமொழியினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன. ஆயின், அது சொல்லாமல் விட்டது ஒன்றுண்டு. மேய்ப்பவனுடைய நேரம் யாருக்குச் சொந்தம் என்பதே அது. நேயர்களே, நகரத்துக் கந்தோர்க்காரரின் அன்றாடச் சலிப்புகளையும் அவர் அடையும் சிறு இன்பங்களையும் பற்றிப் பேசப் புகுந்தால், சுற்றிச் சுற்றி இந்த ஒரு வினாவிடமே வந்து சேர வேண்டியிருக்கின்றது.

அரசாங்கக் கந்தோரின் நாள் காலை 8.30 மணிக்குத் தொடங்கி மாலை 4.15 மணிக்கு முடிவது. அந்நாளின் வாயிலிலே காவல் நின்றது வரவுப் பதிவேடு. குறித்த நேரம் கடந்ததும் அதில் ஒரு சிவப்புக் கோடு கீறப்படும். கோட்டிற்கு மேலே கையொப்பமிட்டவர் கடமை தவறாதவர். கீழே இட்டவர் விளக்கம் கூறக் கடமைப்பட்டவர். இருவருக்கும் இடையே இருந்த வேறுபாடு சில வேளை ஒரு பஸ் வண்டி மட்டுமே. இக்காலத்திலே பல கந்தோர்களில் அவ்வேட்டின் இடத்தை விரலடையாளம் பதியும் பொறி பிடித்துக்கொண்டது. நியாயம் என்று பார்த்தால் பொறியே மேல். அதற்கு வேண்டியவர், வேண்டாதவர் என்பதில்லை. ஆனால் கோடு கீறிய பிரதம லிகிதர் மனிதர். அடைமழை பெய்யும் காலையிலே சிவப்புப் பேனையை ஐந்து நிமிடம் மேசை இலாச்சியிலே மறந்திருக்க அவருக்குத் தெரியும். பொறிக்கு மழை தெரியாது.

இனி, கந்தோருக்குப் போகும் வழியைப் பார்ப்போம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தூரம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. காலி வீதியில் 100ஆம் இலக்க, 101ஆம் இலக்க பஸ் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வருகின்றன. வருகின்றன என்றேனே தவிர, நமக்கு வேண்டிய பொழுதிலே வருகின்றன என்று சொல்லவில்லை. இருபது நிமிடம் ஒன்றும் வராது; பிறகு மூன்று ஒன்றாக வரும்; மூன்றிலும் மிதிபலகை வரை மனிதர் தொங்குவர். இதிலே சூழ்ச்சி ஒன்றுமில்லை. முன்னே வரும் வண்டி சற்றே தாமதித்தால் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் அதற்காகக் கூடுதலானோர் காத்திருப்பர். அவர்களை ஏற்ற மேலும் தாமதமாகும். பின்னே வரும் வண்டிக்கோ ஆட்கள் குறைவு. அது விரைந்து வந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடும். ஏறியவனுக்குக் கிடைப்பது "இஸ்ஸரஹாட்ட யன்ன", முன்னுக்குப் போங்கள், என்னும் நடத்துநரின் கட்டளை. முன்னுக்கு இடமில்லை என்பது அவருக்கும் தெரியும். மிச்சக் காசோ இறங்கும்போது தரப்படும் என்பார்; இறங்கும்போது எவருக்கும் நேரமிருப்பதில்லை.

நெரிசலால் மனிதன் சலித்துப் போகிறான் என்று பொதுவாகச் சொல்லப்படுகின்றது. திருவிழா நெரிசலிலே எவரும் சலிப்பதில்லையே! நல்லூர்த் தேரன்று முழங்கைக் குத்துகளைப் பொறுத்துக்கொள்ளும் அதே மனிதரே காலி வீதியிலே முகம் கடுக்கின்றார். எத்தனை நிமிடம் நிற்க வேண்டும் என்று தெரியாமல் நிற்பதும், அந்த நிமிடங்களுக்கு வேறொருவரிடம் கணக்குக் கொடுக்க வேண்டியிருப்பதுமே அவரை அரிக்கின்றன.

இங்குதான் கரையோரப் புகைவண்டியின் பெருமை விளங்கும். நெரிசலில் அது பஸ்ஸுக்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று, தாமதமும் உண்டு. ஆயினும் பருவகாலச் சீட்டை மடித்துச் சட்டைப் பையிலே வைத்தவனுக்கு ஒரு தனிச் சுதந்திரம் வந்துவிடுகின்றது. மாதத்தின் முதல் நாளிலேயே கொடுத்தாயிற்று. இனிச் சில்லறைக்காக யாருடனும் வாதாட வேண்டியதில்லை. தினந்தோறும் அதே வண்டி, அதே பெட்டி, கதவோரத்திலே அதே முகங்கள். பெயர் தெரியாத அந்த நண்பர் இரண்டு நாள் வரவில்லையென்றால் மனத்திலே ஒரு சிறு கவலை தோன்றும். ஒரு மூலையிலே சீட்டாட்டம், இன்னொரு மூலையிலே பெட்டியின் பலகையிலே தாளம் போட்டுப் பைலாப் பாட்டு, நடுவிலே வடை விற்பவரின் குரல். இத்தனைக்கும் அப்பாலே, கொள்ளுப்பிட்டி தொடங்கி, தண்டவாளத்திற்கு அருகிலேயே கடல். சோழகக் காற்று வீசும் மே, ஜூன் மாதங்களில் அலைத்திவலை யன்னலுக்குள்ளே வந்து முகத்திலே படும். கந்தோர்க்காரரின் நாளிலே யாரும் அவரிடம் ஒன்றும் கேட்க முடியாத இருபது நிமிடங்கள் இவை. கோவையோடு எவரும் வர முடியாது. வீட்டிலே தீர்ந்துபோன சீனியும் நினைவுக்கு வர வேண்டியதில்லை.

கந்தோருக்குள்ளேயும் இத்தகைய இடைவெளிகள் சில உண்டு. முற்பகல் பத்து மணிக்கு வரும் தேநீர் ஒன்று. தேநீர் நன்றாயிருப்பது அரிது. ஆயினும் அதனைக் குடிக்கும் ஏழு நிமிடமும் எந்தக் கோவையும் அசையாது என்பது எழுதாத சட்டம். மதியத்திலே சோற்றுப் பொதி. ஒருவர் கொண்டுவரும் முருங்கைக்காய்க் கறி, இன்னொருவரின் பொல் சம்பலோடும் மூன்றாமவரின் அம்புல் தியலோடும் ஒரே மேசையிலே கலக்கும். கறி கைமாறும் வேகத்திலே மொழியும் கைமாறும். சட்டம் வருமுன்னரே பொல் சம்பல் இருமொழிக் கொள்கையைக் கைக்கொண்டுவிட்டது.

நேரம் பிறர் கையில் இருக்கின்றது என்றேன். இது வெறும் பேச்சன்று. நம் நாட்டுக் கந்தோர்க்காரர் அதனை இருமுறை எழுத்திலேயே கண்டவர். 1966ஆம் ஆண்டிலே ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாட்களே வார விடுமுறை ஆயின. சந்திரனோ ஏழு நாட் கணக்கிற்குக் கட்டுப்படுபவனல்லன். ஆகவே சில வாரம் நீண்டது. இன்று என்ன கிழமை என்று கேட்ட காலம் போய், போயாவுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்கும் காலம் வந்தது. வெளிநாட்டு வணிகத்தோடு தொடர்புடைய கந்தோர்கள் பட்ட பாடு பெரிது. 1971இல் ஞாயிறு மீண்டது. பூரணைப் போயா மட்டும் மாதந்தோறும் விடுமுறையாக இன்றும் நிலைத்திருக்கின்றது. மற்றது 1996இல் நடந்தது. மின்சாரத் தட்டுப்பாட்டை முன்னிட்டு, அவ்வாண்டு மே மாதத்திலே நாட்டின் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. ஒக்டோபரில் அரை மணி பின்னே இழுக்கப்பட்டது. எஞ்சிய அரை மணியைத் திருப்பித் தந்தது 2006 ஏப்ரலிலேதான்.

நாளும் வாரமும் இவ்வாறாயின், ஆண்டு எவ்வாறு? வடக்கிலிருந்து வந்த உத்தியோகத்தருக்கு ஆண்டு என்பது இரண்டு பொருள்களால் அளக்கப்பட்டது. ஒன்று சம்பளவேற்றம், மற்றது புகையிரத ஆணைச்சீட்டு. பிரமச்சாரிகள் நால்வர் ஐவர் கூடி வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஒரு சமையற்காரரை அமர்த்தி, மாத முடிவிலே செலவைப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாட்டிற்குச் 'சமறி' என்று பெயர். அங்கே கட்டிலும் தற்காலிகம், நாற்காலியும் தற்காலிகம். வெள்ளி இரவு தபால் வண்டியேறினால் சனி காலை ஊர். ஞாயிறு இரவு திரும்ப ஏறினால் திங்கட் காலை கோட்டை நிலையம், அங்கிருந்து நேரே சிவப்புக் கோடு. 1956 ஏப்ரலிலே யாழ்தேவி ஓடத் தொடங்கியபோது பகலிலேயே ஊரை எட்டும் வசதி கிடைத்தது.

அதே 1956இலே சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாயிற்று. அதன் வழியே சம்பளவேற்றத்திற்கு ஒரு பரீட்சை குறுக்கே வந்து நின்றது. செ. கோடீஸ்வரன் என்ற தமிழ் உத்தியோகத்தர் சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்கு இருக்க மறுத்தார். 1962இல் அவருக்குரிய சம்பளவேற்றம் நிறுத்தப்பட்டது. அவர் நீதிமன்றம் ஏறினார். 1964இலே மாவட்ட நீதிமன்றம் அவர் பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றமோ, அரசாங்க உத்தியோகத்தர் தம் சம்பளத்துக்காக அரசின்மீது வழக்காடவே முடியாது என்றது. முடியும் என்று இலண்டன் கோமறைக் கழகம் 1969இலே கூறிற்று. ஒரு சம்பளவேற்றத்தின் தொகை சிறிது. உழைத்த மாதம் உழைத்தவனுக்குச் சொந்தமா, கருணையாகக் கொடுக்கப்படுவதா என்ற கேள்வி சிறிதன்று. தமிழும் ஆட்சிமொழியாகும் என அரசியலமைப்புத் திருத்தம் உரைத்தது 1987இலே.

எனினும் அந்தத் தலைமுறைக் கந்தோர்க்காரர் தம் பெரும் சேமிப்பைக் கொழும்பிலே வைக்கவில்லை. மணியோடராக ஊருக்கு அனுப்பினார். அங்கே கிணறு கட்டினார், வீட்டுக்கு முன்விறாந்தை எடுத்தார், ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்றுப் போய் அதிலே சாய்மனைக் கதிரை போட்டு இருப்பதாக எண்ணியிருந்தார். வாழ்வு அங்கே, இங்கே இருப்பது காத்திருப்பு. 1958இலே கொழும்பிலிருந்து கப்பலேறி ஊர் சேர்ந்தவர்கள் உண்டு; நிலைமை ஆறியதும் அதே மேசைக்குத் திரும்பி வந்தவர்களும் உண்டு. 1983 ஜூலைக்குப் பின் பலர் மேசையையும் விட்டனர், நாட்டையும் விட்டனர். 1990 ஜூனிலே யாழ்தேவி யாழ்ப்பாணத்தை எட்டாமலே நின்றது. மீண்டும் அந்நிலையத்தில் வந்து நின்றது 2014 ஒக்டோபரிலே. அந்த இருபத்துநான்கு ஆண்டுகளுக்குள்ளே ஓய்வு பெற்றோரிற் பலருக்குச் சாய்மனைக் கதிரை வாய்க்கவில்லை. அவர்கள் காத்திருப்பு என்று கருதிய முப்பது ஆண்டுகள், பத்து மணித் தேநீரும் சோற்றுப் பொதியும் கடலோர வண்டியுமான அந்த ஆண்டுகள், அவையே அவர்களுடைய வாழ்வாக இருந்தன. இதனை எண்ணும்போது, 'சிறு இன்பங்கள்' என்ற பெயரிலுள்ள 'சிறு' என்னும் அடைமொழி எனக்கு அவ்வளவு பொருத்தமாகத் தோன்றுவதில்லை.

காலிமுகத் திடலின் கரையோர நடைபாதையை ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இலே நிறைவு செய்து, கொழும்புப் பெண்களினதும் குழந்தைகளினதும் நலங்கருதிப் பின்வரும் ஆளுநர்கள் பேணவேண்டும் என்று கல்லிலே பொறித்துவைத்தார். கந்தோர்க்காரரைப் பற்றி அக்கல்லிலே ஒரு சொல்லும் இல்லை. ஆனால் மாலையில் அங்கே இறால் வடை கடித்துக்கொண்டு, கழுத்துப்பட்டியைத் தளர்த்தி நிற்பவர்களில் அவர்களும் மிகப் பலர்.

கணினிக் கம்பனிகளிலும் வங்கிகளிலும் பணிபுரியும் இன்றைய இளைஞருக்கு 4.15 மணி என்று ஒன்றில்லை. கையிலுள்ள தொலைபேசி வழியே கந்தோர் பஸ்ஸிலும் ஏறிக்கொள்கின்றது, புகைவண்டியிலும் ஏறிக்கொள்கின்றது. பழைய கோவைக்கு அந்த வல்லமை இருக்கவில்லை. ஆயினும் ஒரு தகவலை அவர்களுக்குச் சொல்லி வைக்கலாம். கொழும்பிலே சூரியன் மறையும் நேரம் ஆண்டு முழுவதிலும் ஏறக்குறைய நாற்பது நிமிடம் மட்டுமே முன்பின் ஆகும். நவம்பரில் மாலை ஆறு மணிக்குச் சற்று முன்னும், ஜூலையில் 6.30 மணியளவிலும் மறையும். நேரத்தோடு வீடு திரும்பும் அரசாங்க உத்தியோகத்தர் அதனை வண்டியிலிருந்து காண்பது அரிது. தாமதமாகப் புறப்படுபவருக்கே அது கிடைக்கின்றது. கோட்டையிலே ஏறும்போது வலப்பக்க யன்னலைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.