நூறு சதவீதம் என்றால் நிரம்பிவிட்டது என்று பொருளில்லை

டில்லியில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். மத்திய அரசு வேலையாக வந்து, ஓய்வு பெற்று, இங்கேயே தங்கிவிட்டவர். காலையில் லேப்டாப்பின் பொத்தானை அழுத்திவிட்டுத்தான் டிகாஷன் போடுவார். காப்பி குடித்து, செய்தித்தாளையும் மடித்து வைத்த பிறகுதான் அது வேலைக்குத் தயாராகும். "பாசஞ்சர் வண்டி மாதிரி, தம்பி. எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்றே தெரியவில்லை" என்பார்.

ஒரு நாள் பழுது பார்க்கும் கடை ஒன்றில் கேட்டிருக்கிறார். "வைரஸ்தான். ஃபார்மெட் செய்துவிடலாம், சாயங்காலம் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியவர், மாடிப்படியில் என்னைப் பார்த்து, "ஃபார்மெட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் அப்படியே இருக்குமல்லவா?" என்று கேட்டார். இருக்காது என்றேன். அவர் முகம் மாறிவிட்டது. மறைந்த மனைவியின் படங்களும், கொலுவின்போது அந்த அம்மாள் பாடியதைப் பிடித்து வைத்த பதிவுகளும் அதில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

இருவரும் மாடி ஏறினோம். லேப்டாப்பைத் திறந்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒருசேர அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் வந்தது. அதில் 'டிஸ்க்' என்ற தலைப்பின் மேல் 100 சதவீதம் என்று காட்டியது. "பாதி இடம் காலியாக இருக்கிறதே, எப்படி நிரம்பும்?" என்றார் பெரியவர்.

பலரும் தடுமாறும் இடம் இதுதான். இந்த 100 சதவீதம் இடத்தைப் பற்றியதல்ல; நேரத்தைப் பற்றியது. டிஸ்க் ஒரு நொடிகூட ஓய்வில்லாமல் வேலை செய்கிறது என்பதே அதன் பொருள்.

பழைய லேப்டாப்புகளின் ஹார்ட் டிஸ்க்கைக் கிராமபோன் போல எண்ணிக்கொள்ளுங்கள். தட்டு நிமிஷத்துக்குப் பெரும்பாலும் 5400 முறை சுழலும். முள் ஒவ்வொரு முறையும் நகர்ந்து உரிய இடத்தைத் தேட வேண்டும். அங்கும் இங்கும் சிதறிக் கிடப்பதைப் படிப்பதென்றால் நொடிக்கு நூறு முறை என்பதே அதற்குக் கஷ்டம். விண்டோஸ் எழும் நேரத்திலோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் வேண்டும். ஒரே குமாஸ்தா இருக்கும் கவுன்டரில் ஊரே வந்து நின்றால் என்ன ஆகும்? அதுதான் ஆகிறது.

வரிசையில் நிற்பவர்கள் யார்? டிஸ்க் என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் இழுப்பவை மேலே வரும். வைரஸ் தடுப்பின் சோதனை, விண்டோஸ் அப்டேட், கோப்புகளுக்கு அட்டவணை போடும் விண்டோஸ் சர்ச், அடிக்கடி திறப்பவற்றை முன்கூட்டியே எடுத்து வைக்கும் சிஸ்மெயின் ஆகியவைதான் வழக்கமான ஆட்கள். பல நாள் மூடிக் கிடந்த லேப்டாப்பில் இவை எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்பும். அரை மணி நேரம் விட்டுப் பிடித்தால் தாமே அடங்கிவிடுவதும் உண்டு.

அடங்காவிட்டால் 'ஸ்டார்ட்-அப்' பகுதியில், தானாகத் தொடங்கும் தேவையற்ற நிரல்களை நிறுத்தலாம். ரேம் 4 ஜி.பி. மட்டும் இருந்தால், அதில் கொள்ளாததை விண்டோஸ் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும், அதுவும் சுமைதான். இன்னொன்று: 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், 'ஷட் டவுன்' செய்தாலும் விண்டோஸின் ஒரு பகுதி அப்படியே சேமிக்கப்பட்டு மறுநாள் திரும்ப வரும். ஆகவே முழுமையாகப் புதிதாகத் தொடங்க 'ரீஸ்டார்ட்' செய்வதே சரி.

பெரியவரின் லேப்டாப்பில் இவற்றையெல்லாம் செய்தும் பயனில்லை. 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் டிஸ்க்கைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்பது, கேட்டதைக் கொடுக்க டிஸ்க் எடுத்துக்கொள்ளும் நேரம். நல்ல நிலையில் அது சில பத்து மில்லி செகண்டுகளுக்குள் இருக்கும். வேலை மும்முரத்தில் கொஞ்சம் ஏறும். இங்கே ஆயிரத்தைத் தாண்டி நின்றது. வேகமோ நொடிக்கு ஒரு எம்.பி.கூட இல்லை. டிஸ்க்கே சாகக் கிடக்கிறது என்பதற்கு இது வலுவான அறிகுறி. ஃபார்மெட் செய்திருந்தால் படங்கள் போயிருக்கும். டிஸ்க்கின் நோயும் தீர்ந்திருக்காது.

இத்தகைய நிலையில் பழுது நீக்கும் சோதனைகளைக்கூட முதலில் ஓட்டக்கூடாது. அவை முழு டிஸ்க்கையும் படிக்க வைத்து, மிச்சமிருக்கும் உயிரையும் வாங்கிவிடலாம். வெளி டிஸ்க் ஒன்றை இணைத்து, பாட்டுகளை முதலில் நகல் எடுத்தோம், பிறகு படங்கள். விடிய விடிய ஆயிற்று. இரண்டு மூன்று படங்கள் மட்டும் திறக்கவில்லை.

அதன் பிறகு எஸ்.எஸ்.டி. வாங்கிப் பொருத்தினோம். அதில் தட்டும் இல்லை, முள்ளும் இல்லை. எல்லாம் மின்னணுச் சில்லு. பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே இரண்டரை அங்குல எஸ்.எஸ்.டி. உட்கார்ந்துகொள்ளும். ரேமையும் 8 ஜி.பி. ஆக்கினோம்.

செலவு செய்யுமுன் ஒன்றைக் கவனியுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ எல்லாப் பழைய லேப்டாப்புகளும் ஏற்பதில்லை. உங்களுடையது ஏற்குமா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள். பெரியவருடையது ஏற்றுக்கொண்டது.

கடைக்காரரைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. ஃபார்மெட் பல சமயங்களில் பலன் தருவதுதான். ஆனால் லேப்டாப்பை யார் கையில் கொடுப்பதானாலும், உள்ளே இருப்பதற்கு ஒரு நகல் வீட்டில் இருக்கிறதா என்ற கேள்வியை நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். டிஸ்க் போனால் கடையில் வேறு கிடைக்கும். அந்த அம்மாளின் குரல் எந்தக் கடையில் கிடைக்கும்?

இப்போது மூன்றாம் மாடியில் லேப்டாப் அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடுகிறது. "டிகாஷன் இறங்குவதற்குள் பாட்டு வந்துவிடுகிறது, தம்பி" என்கிறார் பெரியவர்.