இதற்கு அப்புறம் என்ன?

ஆம்பூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழரை மணி. தெருமுனையில் ஷூ கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது. அம்மா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு அவசரமாகக் கிளம்புகிறாள். அதுவரை தரையில் சோடா மூடிகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்த ஐந்து வயதுப் பையன் வீரிட்டு அலறுகிறான். தலையைச் சுவரில் மோதிக்கொள்கிறான். "திருஷ்டிதான், மிளகாய் சுற்றிப் போடு" என்கிறாள் பாட்டி. "இரண்டு போட்டால் சரியாகிவிடும்" என்கிறார் எதிர்வீட்டுக்காரர். வேலையை விட்டுவிடலாமா என்று அம்மாவின் மனசு தவிக்கிறது.

திருஷ்டியும் இல்லை, பிடிவாதமும் இல்லை. பையனுக்கு ஆட்டிஸம். 1943-ல் அமெரிக்காவில் டாக்டர் லியோ கானர் இத்தகைய 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். எதுவும் மாறாமல் அப்படியே இருக்கவேண்டும் என்ற தவிப்பை அவர்களிடம் கண்டார். தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று ஒரு காலத்தில் பழி சுமத்தினார்கள். அது சுத்தத் தவறு. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு இது.

காட்பாடிக்குப் போகும் ரயிலில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். காரணம் சொல்லாமல் யாரோ உங்களை நடுவழியில் இறக்கிவிட்டால் பதறமாட்டீர்களா? அந்தக் குழந்தைக்குத் தினமும் பத்துத் தடவை அந்தப் பதற்றம்!

ஆகவே, அடுத்து என்ன என்பதை முன்கூட்டியே தெரிவியுங்கள். காதில் விழும் சொல்லைவிடக் கண்ணில் படும் படம் பல குழந்தைகளுக்கு எளிதில் புரியும். பல் தேய்ப்பது, இட்லி, அம்மாவின் வேன், பள்ளிக்கூடம் என்று வரிசையாகப் படங்களைச் சுவரில் ஒட்டுங்கள். "முதலில் செருப்பு, அப்புறம் ஊஞ்சல்" என்று சுருக்கமாகச் சொல்லுங்கள். விளையாட்டை வெடுக்கென்று நிறுத்தாமல், "இன்னும் ஐந்து மூடி, அப்புறம் குளியல்" என்று அவகாசம் கொடுங்கள். சொன்னபடி நடங்கள்.

அலறும்போது உபதேசம் வேண்டாம். சத்தத்தைக் குறையுங்கள், சுவருக்கும் தலைக்கும் நடுவே தலையணையை வையுங்கள், அருகிலேயே இருங்கள். அடங்கிய பிறகு, அதற்கு முன் என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். பத்து நாளில் காரணம் பிடிபடக்கூடும். புதிதாக முரட்டுத்தனம் தலைகாட்டினால் பல்வலியோ, காதுவலியோ, மலச்சிக்கலோ இருக்கலாம். வாய் திறந்து சொல்லத் தெரியாத குழந்தை அல்லவா? டாக்டரிடம் காட்டுங்கள்.

வேலூரை அடுத்த பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநல மையம் 1957-ல் தொடங்கியது. நோயாளியைத் தனியே பிரித்து வைக்காமல், குடும்பத்தாரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தருவது அதன் தனிச் சிறப்பு. அங்குள்ள குழந்தைகள் பிரிவில் பெற்றோருக்கும் பயிற்சி தருகிறார்கள். அதன் நியாயம் எளிது: டாக்டரோடு குழந்தை இருப்பது சில மணி நேரம், மீதி நாளெல்லாம் வீட்டாரோடுதானே? பாட்டியும் அப்பாவும் அதே படங்களை, அதே சொற்களைப் பயன்படுத்தினால் பாதிக் கஷ்டம் தீரும்.

ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது. நாளைக் காலையும் வேன் ஹாரன் கேட்டதும் பையன் அழலாம். ஆனால் கதவருகே இரண்டு படங்கள் இருக்கும். ஒன்றில் அம்மா வேனில் ஏறுகிறாள். மற்றொன்றில், விளக்கு வைத்த வீட்டுக்குள் அவள் திரும்பி வருகிறாள். பாட்டி அவன் விரலைப் பிடித்து அந்த இரண்டாவது படத்தின்மேல் வைக்கட்டும்.