உறங்கி எழுந்த கணினியும் காணாமற்போன வலையமைப்பு அட்டையும்

உறக்கம் உயிர்களுக்கு மாத்திரம் உரியதென்றே நம் முன்னோர் எண்ணியிருந்தனர். இக்காலத்திலோ இயந்திரங்களும் உறங்கக் கற்றுக்கொண்டன. மடிக்கணினியின் மூடியைச் சாத்தியதும் அது கண்ணயர்கின்றது. மூடியைத் திறந்ததும் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கின்றது. பாதி எழுதிய கட்டுரையும், திறந்து வைத்த பாடக்குறிப்பும் வைத்தவை வைத்தபடியே இருக்கக் காண்கின்றோம்.

ஆயினும் விழித்தெழும் கணினி சில வேளைகளில் ஒன்றை மாத்திரம் இழந்துவிடுகின்றது. திரையின் மூலையிலிருந்த வைஃபைக் குறி மறைந்துபோகின்றது. அமைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தால், ‘வைஃபை’ என்னும் சொல்லே அங்கு இல்லை. கணினிக்குள் வலையமைப்பு அட்டை என்றொரு பொருள் ஒருபோதும் இருந்ததில்லை என்பதுபோல அது நடந்துகொள்கின்றது.

இதனைச் சிறு தொல்லையென்று தள்ளிவிடுதல் இயலாது. பல்கலைக்கழக அனுமதிக்கான விண்ணப்பம் முதற்கொண்டு பரீட்சைப் பெறுபேறு ஈறாக எத்தனையோ காரியங்கள் இன்று இணையவழியே நடைபெறுகின்றன. இறுதி நாளின் இறுதி மணித்தியாலத்தில் இத்தொல்லை நேருமாயின், மாணவன் ஒருவனின் ஓராண்டு முயற்சிக்கே ஊறு நேரக்கூடும். அன்றியும், காரணம் அறியாத பெற்றோர், கணினி முற்றாகப் பழுதடைந்ததென எண்ணிப் புதியதொன்றுக்குப் பெரும்பணம் செலவிடவும் கூடும். உண்மையிலோ, இத்தகைய கணினிகளிற் பலவற்றில் உடைந்தது எதுவுமில்லை. ஆதலின் இதன் காரணத்தையும் பரிகாரத்தையும் நம் இல்லங்களில் உள்ளோர் யாவரும் அறிந்திருத்தல் நன்று.

கணினியின் உறக்கம் யாது?

கணினியின் தற்காலிக நினைவகத்தில் ஒவ்வொரு தகவற்றுணுக்கும் மிகச் சிறிய மின்னூட்டமாக வைக்கப்பட்டுள்ளது. அம்மின்னூட்டம் ஓட்டைக் குடத்து நீர்போல இடையறாது கசிந்துகொண்டிருக்கும். ஆகவே செக்கனுக்குப் பல தடவைகள் அதனை மீள நிரப்பவேண்டும். கணினி உறங்கும்போது நினைவகத்துக்குரிய இச்சிறு மின்சாரத்தை மட்டும் விட்டுவைத்து, திரை, செயலி, வட்டு, வலையமைப்பு அட்டை முதலியவற்றுக்குரிய மின்சாரத்தைக் குறைத்தோ நிறுத்தியோ விடுகின்றது. திறந்துவைத்த வேலை அழியாமல் இருப்பதன் இரகசியம் இதுவே. மின்கலம் இல்லாத மேசைக்கணினி உறங்கும் வேளையில் மின்தடை ஏற்படின், சேமிக்காத வேலை அழிந்துபோவதும் இதனாலேயே. 2022 ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டைக் கண்ட நம் நாட்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வுறக்கத்துக்கும் விழிப்புக்கும் பொதுவானதொரு சட்டம் தேவைப்பட்டது. இன்டெல், மைக்ரோசொஃப்ட், தோஷிபா ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி 1996 ஆம் ஆண்டு டிசெம்பரில் ‘ஏசிபிஐ’ எனப்படும் விதித்தொகுப்பை வெளியிட்டன. அதன்படி, கணினி முழுவதற்கும் சில நிலைகள் உண்டு. உள்ளிருக்கும் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனித்தனியே சில நிலைகள் உண்டு. முழு விழிப்பு ‘டி 0’ எனவும், ஆழ்ந்த உறக்கம் ‘டி 3’ எனவும் குறிக்கப்படும். கணினியை உறங்க வைப்பதென்றால், அதன் உறுப்புக்கள் ஒவ்வொன்றையும் முறைப்படி உறங்க வைப்பதென்றே பொருள். எழுப்புவதும் அவ்வாறே.

வலையமைப்பு அட்டைக்கு இவ்விடயத்திலே ஒரு தனிச் சிறப்பும் உண்டு. வீடு முழுவதும் உறங்கும்போது வாயிற்காவலன் மாத்திரம் ஒரு காதைத் திறந்து வைத்திருப்பதுபோல, கம்பிவழி இணையும் அட்டைகள் பல, கணினி உறங்கும் வேளையிலும் சிறிது மின்சாரத்தைப் பெற்று விழித்திருக்க வல்லவை. ‘மாயப் பொதி’ என்னும் ஓர் அழைப்பு வந்தால் அவை கணினியையே எழுப்பிவிடும். அவ்வழைப்பில் முதலில் 6 பைட்டுகள் முழுவதும் ஒன்றுகளாகவே இருக்கும். அவற்றைத் தொடர்ந்து அந்த அட்டையின் 6 பைட் முகவரி 16 தடவை வரும். ஆக 102 பைட்டுகளில் ஒரு திருப்பள்ளியெழுச்சி!

அட்டை மறைவது எவ்வாறு?

அட்டையை எழுப்பும் பொறுப்பு ‘டிரைவர்’ எனப்படும் செலுத்தி மென்பொருளுக்குரியது. கணினி விழித்ததும் அது அட்டைக்கு மின்சாரம் வழங்கச் செய்து, அதனோடு பேசும் பாதையைச் சீர்செய்து, ‘நீ ஆயத்தமா?’ என்று வினவுகின்றது. அட்டை உரிய நேரத்தில் விடையளிக்குமாயின் யாவும் நலமே. கும்பகருணனைப் போல அட்டை உறங்கிக் கிடப்பின் விடை வராது. விடை வராதபோது, அட்டையிலிருந்து படிக்கும் எண்கள் யாவும் வெறும் ஒன்றுகளாகவே கணினிக்குத் தோன்றும். இதனைக் காணும் பணிசெயல் முறைமை, அட்டையை யாரோ கழற்றி எடுத்துவிட்டனர் என்று முடிவுகட்டி, பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்கிவிடுகின்றது. அட்டை இருந்த இடத்திலேயே இருக்கின்றது. கணினியின் கண்ணுக்கு மாத்திரம் அது தெரியவில்லை.

இதற்குக் காரணங்கள் பல. செலுத்தி மென்பொருள் பழையதாகவோ, அந்தக் கணினிக்குப் பொருந்தாததாகவோ இருக்கலாம். தாய்ப்பலகையிலுள்ள ‘பயோஸ்’ என்னும் அடிப்படை மென்பொருளில் குறை இருக்கலாம். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கும் அமைப்புக்கள் அளவு கடந்து செயற்படலாம். அருமையாக, அட்டையே தளர்ந்தோ கெட்டோ இருக்கலாம்.

முதலில் அறியவேண்டியது

நோய் இன்னதென அறியாமல் மருந்து கொடுத்தலாகாது. வீட்டிலுள்ள கைத்தொலைபேசி அதே வைஃபையில் இயங்குகின்றதா என்று முதலில் நோக்குக. அதுவும் இயங்காவிடின் குறை ரவுட்டரிலோ இணைய சேவையிலோ உள்ளது. கணினியைக் குறை கூறுதல் தகாது. அடுத்து, ‘விமான நிலை’ தவறுதலாக இயக்கப்பட்டுள்ளதா என்று பார்க்கவேண்டும். சில கணினிகளில் விசைப்பலகையின் ஒரு விசையைத் தெரியாமல் அமர்த்துவதனாலும் இது நேரும்.

இவ்விரண்டும் இல்லையெனின், விண்டோஸ் கணினியில் ‘டிவைஸ் மனேஜர்’ என்னும் சாதனப் பட்டியலைத் திறந்து, அதில் ‘நெட்வேர்க் அடப்டர்ஸ்’ என்னும் பகுதியைப் பார்க்கவேண்டும். அட்டையின் பெயர் எவ்வித அடையாளமும் இன்றி இருக்குமாயின், அட்டை நலமே. குறை வேறிடத்தில் உள்ளது. பெயரின்மேல் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி இருப்பின், கணினி அட்டையைக் காண்கின்றது, ஆனால் இயக்க முடியவில்லை. பெயரே இல்லையெனின், கணினி அட்டையைக் காணவேயில்லை. அப்போது ‘வியூ’ என்னும் பகுதியில் மறைந்துள்ள சாதனங்களைக் காட்டும்படி பணித்தால், மங்கிய உருவில் அதன் பெயர் தோன்றக்கூடும்.

பெயரைத் திறந்தால் ஓர் இலக்கமும் காணப்படும். 10 எனின் சாதனம் இயங்கத் தொடங்கவில்லை. 22 எனின் யாரோ அதனை நிறுத்திவைத்துள்ளனர். 45 எனின் சாதனம் கணினியோடு இணைந்திருக்கவில்லை என்று கணினி கருதுகின்றது. இவ்விலக்கத்தைத் தாளொன்றிற் குறித்து வைத்தல் நலம். பழுதுபார்ப்போரிடம் செல்ல நேரின், ‘இன்ரநெற் வேலை செய்யவில்லை’ என்பதினும் இவ்விலக்கம் அதிகம் பேசும்.

உடனே செய்யத்தக்கன

அதே டிவைஸ் மனேஜரில் வன்பொருள் மாற்றங்களைத் தேடும்படி பணிக்கும் ஒரு கட்டளை உண்டு. முதலில் அதனைக் கொடுத்துப் பார்க்கலாம். பயன் இல்லையெனின், வேலைகளைச் சேமித்துவிட்டுக் கணினியை ‘ரீஸ்டார்ட்’ செய்க.

ஈண்டு ஒரு நுட்பத்தைக் கவனித்தல் வேண்டும். ‘ஷட் டவுன்’ செய்து மீளத் திறப்பதே முழுமையானது என்று பலரும் எண்ணுகின்றனர். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 தொடக்கம் நிலைமை மாறிவிட்டது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்’ என்னும் விரைவுத் தொடக்கம் இயங்கும் கணினியில், ஷட் டவுன் செய்யும்போது முறைமையின் உட்பகுதியும் செலுத்தி மென்பொருள்களின் நிலையும் வட்டில் எழுதி வைக்கப்பட்டு, மறுமுறை அப்படியே எடுத்தாளப்படுகின்றன. பழைய குறையும் அவற்றோடு திரும்பி வரக்கூடும். ரீஸ்டார்ட் செய்தாலோ யாவும் புதிதாகத் தொடங்கும். ஆதலின் இந்நோய்க்கு ரீஸ்டார்ட்டே சிறந்தது.

அதனாலும் அட்டை எழாவிடின், அதற்குச் செல்லும் எஞ்சிய மின்சாரத்தையும் நிறுத்துதல் வேண்டும். ‘ஷிஃப்ட்’ விசையை அமர்த்தியபடி ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுமையாக அணையும். பின்னர் மின்னேற்றியையும், யூஎஸ்பி வழி இணைத்த பொருள்களையும் கழற்றுக. கழற்றத்தக்க மின்கலமாயின் அதனையும் எடுத்துவிடுக. மின்விசையை 30 செக்கன் வரை அமர்த்திப் பிடித்து, சற்றுப் பொறுத்து, மின்னேற்றியை இணைத்துத் திறக்கவும். மேசைக்கணினியாயின் சுவரிலிருந்து மின்கம்பியையே கழற்றவேண்டும். ஏனெனில், அணைத்த பின்னரும் அதனுள் சிறு மின்சாரம் ஓடிக்கொண்டேயிருக்கும். எத்தனையோ அட்டைகள் இவ்வெளிய செயலால் மீண்டும் தலைகாட்டியுள்ளன.

அவசரமான வேளையில் இவற்றுக்கெல்லாம் அவகாசம் இராது. அப்போது கைத்தொலைபேசியை யூஎஸ்பிக் கம்பியால் கணினியோடு இணைத்து, தொலைபேசியில் ‘டெதரிங்’ வசதியை இயக்குக. தொலைபேசியே கணினிக்கு ஒரு வலையமைப்பு அட்டையாக அமையும். விண்ணப்பத்தை முதலில் அனுப்பிவிட்டு, வைத்தியத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீண்டும் நிகழாவண்ணம்

அட்டை திரும்பிவிட்டதென மகிழ்ந்து இருந்துவிடலாகாது. அடுத்த உறக்கத்தின் பின் அது மீண்டும் மறையக்கூடும். டிவைஸ் மனேஜரில் அட்டையின் பெயரைத் திறந்தால் ‘பவர் மனேஜ்மென்ட்’ என்னும் பகுதி இருக்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவதற்காக இச்சாதனத்தை அணைக்கக் கணினிக்கு அனுமதி அளிக்கும் கட்டம் அங்கு உண்டு. அதிலுள்ள சரிக்குறியை நீக்கிவிடுக. புதிய வகை உறக்கத்தைக் கையாளும் சில கணினிகளில் இப்பகுதி காணப்படாது. மின்சார அமைப்புக்களில் ‘பிசிஐ எக்ஸ்பிரஸ்’ பாதையின் சிக்கனத்தை நிறுத்துவதும், விரைவுத் தொடக்கத்தை நிறுத்துவதும் பயன் தரலாம். இவற்றால் மின்கலம் சற்று விரைவாகத் தீரும். அது பெரிய நட்டமன்று.

செலுத்தி மென்பொருளைக் கணினியைச் செய்த நிறுவனத்தின் இணையத்தளத்திலிருந்து, அந்தக் கணினியின் மாதிரிக்கு உரியதாகவே பெறுதல் வேண்டும். ‘எல்லாச் செலுத்திகளையும் நாமே தேடித் தருவோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்களை அண்டாதிருத்தல் நலம். அண்மையிற் புதுக்கிய பின்னரே தொல்லை தொடங்கியதாயின், பழைய பதிப்புக்குத் திரும்பும் வசதியும் உண்டு. பழையதை நீக்குவதற்கு முன் புதியதைப் பென்டிரைவில் சேமித்து வைத்துக்கொள்ளுதல் அவசியம். இணையம் இல்லாத கணினியில் இணையத்துக்குரிய மென்பொருளை எங்ஙனம் இறக்குவது?

பயோஸைப் புதுக்குதல் இறுதியிற் செய்யவேண்டியது. உறக்கம் பற்றிய குறையொன்றைத் திருத்தியதாக நிறுவனமே அறிவித்திருந்தால் மாத்திரம் அதனை மேற்கொள்க. அவ்வேளையில் மின்கலம் நிரம்பியிருத்தலும் மின்னேற்றி இணைந்திருத்தலும் வேண்டும். இடையில் மின்சாரம் நின்றால் கணினியே திறவாமற்போகக்கூடும்.

லினக்ஸ் பாவிக்கும் மாணவர்க்கும் இத்தொல்லை புதிதன்று. அங்கே, செலுத்தியை நினைவகத்திலிருந்து நீக்கி மீள ஏற்றினால், முழுக்கணினியையும் மீளத் தொடக்காமலே அட்டை பெரும்பாலும் எழுந்துவிடும்.

உண்மையான பழுதெனின்

இத்தனையும் செய்தும் அட்டை தோன்றவில்லையா? லினக்ஸ் பதிந்த யூஎஸ்பிப் பென்டிரைவிலிருந்து கணினியைத் திறந்து பார்க்கலாம். அங்கு அட்டை இயங்கினால் பொருள் நல்லது. குறை விண்டோஸில் உள்ளது. அங்கும் காணப்படாவிடின் அட்டை தளர்ந்தோ பழுதடைந்தோ இருத்தல் கூடும். பல மடிக்கணினிகளில் வைஃபை அட்டை கழற்றி மாற்றத்தக்க சிறு துண்டாகவே உள்ளது. தாய்ப்பலகையோடு ஒட்டியதாயினும், யூஎஸ்பி வழி இணைக்கும் சிறிய வைஃபை அட்டையொன்றை வாங்கிப் பயன்படுத்தலாம். எவ்வகையிலும் புதிய கணினிக்குப் பணம் தேடவேண்டிய அவசியம் இல்லை.

இறுதியாக ஒன்று கூறுவோம். கண்ணுக்குத் தெரியாத பொருள் இல்லாத பொருளென்று கணினி முடிவுகட்டியது. அதுவே இத்தொல்லையின் வேர். அதே முடிவை நாமும் அவசரப்பட்டுக் கொள்ளலாகாது. ஒன்றை மாற்றியதும் அதன் பயனைச் சோதித்து, பின்னரே அடுத்ததை மாற்றுதல் வேண்டும். பலவற்றை ஒருங்கே மாற்றினால் எதனால் குணமாயிற்றென அறிய இயலாது. பிள்ளைகள் இம்முறையைப் பழகிக்கொள்வார்களாயின், அது வலையமைப்பு அட்டைக்கு மாத்திரமன்றி, ஆய்வுகூடத்திலும் வாழ்விலும் அவர்களுக்குக் கைகொடுக்கும்.