வருகைப் பதிவேடும் காய்ச்சல் முன்கணிப்பும்

தொற்றுநோய் முன்கணிப்பு என்றதும் பெரிய கணினிகளும் ஆய்வகங்களும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதன் அடிப்படைக் கேள்வி மிக எளியது: வழக்கமாக இந்த வாரத்தில் எத்தனை பேருக்கு நோய் வரும்? இப்போது அதைவிடக் கூடுதலா? ஊரில் எல்லோருக்கும் இரத்தப் பரிசோதனை செய்வது இயலாத செலவு. ஏற்கெனவே பதிவாகும் எண்களைக் கவனித்தால், எங்கே சோதிக்க வேண்டும் என்பது குறைந்த செலவில் தெரியும். இந்தியாவில் 2004-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளர் எண்ணிக்கை திரட்டப்படுவது இதற்காகத்தான்.

ஒன்பதாம் வகுப்பில் இடைநிலை அளவு நடத்தும்போது நான் இதையே கணக்காகத் தருகிறேன். ஒரு பள்ளியில் அக்டோபர் இரண்டாம் வாரத்தில் காய்ச்சலால் வராதவர்கள் கடந்த ஐந்து ஆண்டுகளில் 4, 6, 5, 20, 5 பேர் என்று கொள்வோம். இந்த ஆண்டு 8 பேர். இது வழக்கமானதா?

சராசரி காணும் மாணவர்கள் 40-ஐ 5-ஆல் வகுத்து 8 என்பார்கள். கவலையில்லை என்றும் சொல்வார்கள். ஏறுவரிசையில் எழுதினால் 4, 5, 5, 6, 20. இடைநிலை அளவு 5. நோய் பரவிய ஓர் ஆண்டின் 20 என்ற எண், சராசரியை உயர்த்தி இந்த ஆண்டின் எச்சரிக்கையை மறைத்துவிட்டது. மலேரியா கண்காணிப்பில் மேல் கால்மானத்தை எச்சரிக்கை எல்லையாகக் கொள்வதுண்டு. இங்கே அது 6. நாம் 8-இல் நிற்கிறோம்.

ஒரு வாரம் முன்னதாகத் தெரிந்தால் என்ன பயன்? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, முட்டையிலிருந்து முழு வளர்ச்சி அடைய ஏறத்தாழ 7 முதல் 10 நாள்கள் ஆகும். அதற்குள் தொட்டி, டயர், கொட்டாங்குச்சியில் தேங்கிய நீரை அகற்றினால் ஒரு தலைமுறைக் கொசுக்களைத் தடுக்கலாம்.

எண் மட்டுமே நோயைச் சொல்லிவிடாது. இணையத் தேடல்களைக் கொண்டு ஃப்ளூ காய்ச்சலைக் கணிக்க 2008-இல் கூகுள் தொடங்கிய சேவை, 2012-13 குளிர்காலத்தில் அமெரிக்காவில் உண்மையைவிட மிக அதிகமாகக் கணித்தது, 2015-இல் நிறுத்தப்பட்டது. நம் வகுப்பிலும் திருவிழா, மழை, உறவினர் திருமணம் எனப் பல காரணங்களால் வருகை குறையும். ஆகவே வராததன் காரணத்தைக் கேட்டறிவது அவசியம்.

காய்ச்சல் என்றால் தனித்தாளில் ஒரு கோடு போதும். மாணவர் பெயர் வேண்டாம். தொடக்கநிலை வகுப்புகளில் பிள்ளைகளே கட்டங்களுக்கு வண்ணமிட்டுக் காட்டலாம். எண்ணிக்கை எல்லையைத் தாண்டினால் தலைமையாசிரியர் வழியாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிப்போம். முதல் ஆண்டில் ஒப்பிட நம்மிடம் எண் இருக்காது. இந்த வாரமே குறிக்கத் தொடங்கினால்தான் அடுத்த ஆண்டு இதே வாரத்துக்கு ஓர் எண் கிடைக்கும்.