லீவுல பொண்ணு ஆய்வகத்துக்குப் போகணுமாம்!



போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு வரவு, கடன் தவணை எல்லாம் எழுதி முடித்துப் பாயைச் சுருட்டும்போது ஒரு அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டார். "பொண்ணு உணவுத் தொழில்நுட்பம் படிக்குது. லீவுல ரெண்டு மாசம் தஞ்சாவூர்ல ஆய்வு நிலையத்துல பயிற்சியாம். சம்பளமும் கிடையாதாம். அங்க போய் என்னத்த செய்யப் போவுது? இங்க இருந்தா முந்திரி உடைச்சாவது நாலு காசு பார்க்குமே" என்றார். ஆளுக்கொரு பதில் சொன்னோம், எதுவும் உருப்படியாக இல்லை. அதனால் விசாரித்துத் தெரிந்துகொண்டதை எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

இதைத்தான் பிள்ளைகள் 'இன்டர்ன்ஷிப்' என்கிறார்கள். கல்லூரியில் புத்தகத்தில் படித்ததை, வேலை நடக்கும் இடத்துக்கே போய் ஒரு விஞ்ஞானியின் கீழ் சில வாரம் செய்து பார்ப்பது. நம்மில் தையல் கற்றவர்கள் முதலில் காஜா எடுத்துப் பழகினோமே, அதுபோலத்தான்.

அந்தத் தஞ்சாவூர் நிலையம் பிறந்த கதையே நமக்கு நெருக்கமானது. டெல்டாவில் அறுப்பு நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் நெல் ஈரத்தோடு குவிந்து, முளைத்து, நாறிப் போகும். இதற்கு வழி தேட 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலையில் ஒரு சிறிய ஆய்வகமாகத் தொடங்கினார்கள். தொடங்கியவர் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் வி.சுப்ரமணியன். பிறகு அது தஞ்சாவூருக்கு மாறியது. நெல்லோடு நிற்காமல் சிறுதானியம், பயறு, எண்ணெய் வித்து, பழம், காய்கறி என்று வளர்ந்தது. 2021-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. நனைந்த நெல்லை என்ன செய்வது என்ற விவசாயியின் கவலையில்தான் இதெல்லாம் ஆரம்பித்தது.

சரி, பிள்ளை அங்கே என்ன செய்யும்? நம்ம ஊர்ப் பொருளான மல்லாட்டையை வைத்தே சொல்கிறோம்.

மல்லாட்டை சரியாகக் காயாவிட்டால் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு பூஞ்சணம் பிடிக்கும். அந்தப் பூஞ்சணம் விடும் நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தேடியபோது தீவனத்தில் இருந்த கடலைப் புண்ணாக்குதான் என்று தெரிந்தது. அப்படித்தான் உலகத்துக்கு இந்த நஞ்சு தெரியவந்தது. 1974-ல் நம் நாட்டிலேயே ராஜஸ்தான், குஜராத் பழங்குடி கிராமங்களில் பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக நாள்பட உடம்பில் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் வரக்கூடும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுசாகப் போகாது.

ஆய்வகத்துக்குப் போகும் மாணவிக்கு முதல் வாரம் கொடுக்கும் வேலை பெரும்பாலும் ஈரம் பார்ப்பதுதான். மல்லாட்டைப் பயறை இடித்து, துல்லியமான தராசில் நிறுத்து, ஓவனில் காயவைத்து, மறுபடியும் நிறுக்க வேண்டும். 100 கிராம் 93 கிராம் ஆனால் ஈரம் 7 சதவீதம். கேட்க எளிது. ஆனால் ஒரே மாதிரியை மூன்று தடவை செய்து மூன்றும் ஒத்துவர வேண்டும். வராவிட்டால் மறுபடி முதலில் இருந்து. பொறுமை போய்விடும்!

அடுத்தது மாதிரி எடுப்பது. ஒரு மூட்டையில் நாலைந்து பயறில் மட்டும் நஞ்சு இருக்கலாம், மற்றதெல்லாம் நல்லதாக இருக்கலாம். மேலாக ஒரு கை அள்ளிப் பரிசோதித்தால் ஏமாந்துபோவோம். பல இடத்தில் எடுத்து, மொத்தமாக அரைத்து, கலந்து, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். நஞ்சைப் பிரித்தெடுத்துப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் ஒரு வகை நீலமாகவும் இன்னொரு வகை பச்சையாகவும் ஒளிரும். ஒரு கிலோவில் எத்தனை மைக்ரோகிராம் என்று கருவியில் அளக்கிறார்கள். மைக்ரோகிராம் என்றால் ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. உடனே சாப்பிடும் கொட்டை வகைகளுக்கு நம் நாட்டில் அனுமதி கிலோவுக்கு 10 மைக்ரோகிராம்தான். கண்ணுக்குத் தெரியாத, வாசனையும் இல்லாத அளவு அது.

இதில் நமக்கும் பாடம் இருக்கிறது. மெஷினில் ஓடு உடைக்கும்போது பயறு உடையக்கூடாது என்று காய் மேல் தண்ணீர் தெளிக்கிறோமே, அதைவிடக் கெடுதல் வேறில்லை. பூஞ்சணத்துக்கு நாமே விருந்து வைக்கிறோம். பயறின் ஈரம் 7, 8 சதவீதத்துக்குள் இருந்தால் அது வளராது. காயை ஆட்டினால் கலகல என்று சத்தம் வரவேண்டும் என்று நம் பாட்டிமார் பார்த்ததும் இதே ஈரத்தைத்தான். கடலை மிட்டாய் போடும் குழுக்கள் சுருங்கியது, நிறம் மாறியது, பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கித் தள்ளிவிடுங்கள். தள்ளியதை மாட்டுக்கும் வைக்காதீர்கள். பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலிலும் அந்த நஞ்சு இறங்கும். அந்தப் பாலைக் குடிப்பது நம் பிள்ளைகள்தானே?

இனி அந்த அக்காவின் பயத்துக்கு வருவோம். வயதுப் பெண்ணை வெளியூரில் விடுவது சாதாரண விஷயம் இல்லை, பயப்படுவது தப்பும் இல்லை. கேட்க வேண்டியதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நிறுவனம் கொடுத்த அனுமதிக் கடிதம் கையில் இருக்கிறதா? எந்த விஞ்ஞானியின் கீழ் வேலை? பெண்கள் விடுதி வளாகத்துக்குள்ளேயா, வெளியிலா? வேலை இடத்தில் பாலியல் தொல்லை தடுக்கும் 2013-ம் ஆண்டுச் சட்டம் பயிற்சிக்கு வந்தவர்களுக்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஒரு பெண் தலைமையில் புகார்க் குழு இருந்தே ஆகவேண்டும். அதில் யார் இருக்கிறார்கள் என்று போன முதல் நாளே மகள் தெரிந்துகொள்ளட்டும்.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறோம். எல்லா இடத்திலும் உதவித்தொகை கிடைக்காது. சில அரசு நிறுவனங்கள் ஆய்வகப் பொருட்களுக்கென்று கட்டணம் கூட வாங்குகின்றன. அதை நிறுவனத்தின் கணக்கில் கட்டி ரசீது வாங்க வேண்டும். 'சர்டிபிகேட் மட்டும் தர்றோம், வரவே வேண்டாம்' என்று எவராவது பணம் கேட்டால் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள். அந்தக் காகிதத்தால் பிள்ளைக்குத் தராசு பிடிக்கத் தெரியப்போவதில்லை.

உதவித்தொகையோடு போகவும் வழி உண்டு. பெங்களூரு, டெல்லி, பிரயாக்ராஜ் நகரங்களில் உள்ள மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம், போக வர ரயில் செலவும் உண்டு. ஆசிரியர் ஒருவரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும், என்ன ஆய்வு செய்ய ஆசை என்று சுருக்கமாக எழுதித் தரவேண்டும். போட்டி அதிகம். ஒரே இடத்தை நம்பியிராமல் நாலு இடத்துக்கு எழுதிப் போடுவது நல்லது. பக்கத்திலேயே வேண்டும் என்றால் விருத்தாசலத்தில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முந்திரியும் மல்லாட்டையும்தான் அங்கே முக்கிய ஆராய்ச்சி. வீட்டிலிருந்தே போய்வரலாம், கேட்டுப் பார்க்கலாம்.

அறிவியல் கழகங்களுக்கு விண்ணப்பிக்க வேண்டியது வழக்கமாக நவம்பர் மாதத்தில். ஏப்ரலில் லீவு விட்ட பிறகு ஓடினால் கிடைக்காது. தீபாவளிக்குப் பிள்ளை வீட்டுக்கு வரும்போதே பேசி வையுங்கள்.